சட்டப் பிரிவு ஒன்றின் பாட வரலாறு: சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை முன்வைத்து மாநிலச் சட்ட வரலாற்றாய்வு நெறிகள்

முன்னுரை

சமூக வரலாற்றையும் இயக்க வரலாற்றையும் ஆராயும் தமிழாய்வுகள் பல, சட்டங்களைச் சான்றாகக் காட்டுகின்றன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடும் அளவில் நின்றுவிடுகின்றன. சட்டம் முடிந்த முடிவாக வந்து நிற்கும் ஒற்றைப் பனுவலாகவே கொள்ளப்படுகிறது. அது வரைவு, முன்வடிவு, விவாதம், திருத்தம், ஒப்புதல், வெளியீடு எனப் பல படிகளைக் கடந்து வந்த பனுவல் என்பது கருதப்படுவதில்லை. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளைக் குறித்து நூல்களைப் பதிப்பித்த மரபு தமிழுக்கு உண்டு. அம்மரபில் பயின்ற ஆய்வாளர்க்குச் சட்டத்தின் பாட வரலாற்றைத் தேடுவது முற்றிலும் புதிய பணியன்று. தேட வேண்டிய இடங்களும் ஒவ்வோர் ஆவணமும் தரக்கூடிய விடையின் எல்லையும் தெரிந்திருத்தலே தேவை. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கிய 1967ஆம் ஆண்டு இந்துத் திருமண (சென்னைத் திருத்த)ச் சட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்நெறிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பிரிவின் அமைப்பு

ஆய்வின் தொடக்கம் சட்டத்தின் மூலபாடமாகவே இருத்தல் வேண்டும். இச்சட்டம் நடுவண் அரசின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இந்துக்கள் இருவருக்கிடையே நிகழும் திருமணம், சுயமரியாதைத் திருமணம் எனவோ சீர்திருத்தத் திருமணம் எனவோ வேறு எப்பெயராலோ அழைக்கப்படினும், இப்பிரிவு அதற்குப் பொருந்தும். அத்திருமணம் மூன்று வழிகளில் நிகழலாம். ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக இருவரும் தமக்கு விளங்கும் ஏதேனும் ஒரு மொழியில் அறிவிப்பது முதலாவது. ஒருவருக்கொருவர் மாலை அணிவிப்பது அல்லது விரலில் மோதிரம் அணிவிப்பது இரண்டாவது. தாலி கட்டுவது மூன்றாவது. இம்மூன்றும் ‘அல்லது’ என்னும் இணைப்புச் சொல்லால் தொடுக்கப்பட்டுள்ளன.

இப்பாடத்திலிருந்தே மூன்று வினாக்கள் எழுகின்றன. ஆங்கிலத்தில் இயற்றப்பட்ட சட்டத்தில் ‘சுயமரியாதை’, ‘சீர்திருத்த’ ஆகிய தமிழ்ச் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் ஒலிபெயர்ப்பாக இடம்பெற்றது ஏன்? எம்மொழியிலும் அறிவிக்கலாம் என்னும் தொடர் எதற்கு மறுமொழியாக அமைந்தது? ‘அல்லது’ என்னும் சொல் எந்த நிலையில் பாடத்துள் புகுந்தது? இவற்றிற்குரிய விடைகள் ஒரே ஆவணத்தில் கிடைப்பனவல்ல.

2. முன்வரலாறு

ஒரு சட்டம் எக்குறையை நீக்க எழுந்தது என்பதை அறியாமல் அதன் சொற்களை விளக்க இயலாது. 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடைபெற்ற திருமணம் முதல் சுயமரியாதைத் திருமணமாகக் கூறப்படுகிறது. புரோகிதரும் வடமொழி மந்திரமும் தவிர்க்கப்பட்ட இத்திருமணங்கள் பற்றிய செய்திகளைக் ‘குடிஅரசு’ (1925), ‘விடுதலை’ (1935) ஆகிய இதழ்கள் தொடர்ந்து வெளியிட்டன. எம்மொழியில் உறுதிமொழி கூறினும் போதும் என்னும் சட்டத் தொடரின் பின்புலத்தை இவ்விதழ்களைக் கொண்டே அறிய இயலும். இவ்வகையில் இதழியல் தொகுதிகளும் சட்ட வரலாற்றுச் சான்றுகளாகின்றன.

முன்வரலாற்றின் மற்றொரு கூறு நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகும். 1953ஆம் ஆண்டு ஒரு சொத்துரிமை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்குகள் இன்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இப்புதுமுறை, வழக்காறு எனக் கொள்ளத்தக்க தொன்மை உடையதன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் மணமக்களுள் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளின்படி திருமணம் நிகழ வேண்டும் என்றே கூறியது. ஆகவே, கால் நூற்றாண்டுக்கும் மேலாக இம்முறையில் மணந்தோரின் மனைவி என்னும் தகுதியும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்திற்கு இடமாயின.

இப்பின்புலத்தோடு 7அ பிரிவின் பிற உட்பிரிவுகளைப் படித்தல் வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வருமுன் நிகழ்ந்த இத்தகைய திருமணங்கள், எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு எவ்வாறு இருப்பினும், அவை நிகழ்ந்த நாள் முதலே செல்லுபடியாகும் எனக் கொள்ளப்படும் என்று ஓர் உட்பிரிவு கூறுகிறது. முன்பே வழக்காற்றின்படியோ சட்டப்படியோ முறிக்கப்பட்ட திருமணங்களும், அப்பெண் சட்டப்படி வேறொருவரை மணந்துகொண்ட நிலைகளும் இதற்கு விலக்குகள். அவ்விலக்குகளுக்கு உட்பட்ட திருமணங்களிலும், மணமுறிவுக்கு அல்லது மறுமணத்துக்கு முன் கருவுற்ற பிள்ளைகளின் முறைமை காக்கப்பட்டுள்ளது. ‘எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு’ என்னும் தொடர் 1953ஆம் ஆண்டுத் தீர்ப்பை நோக்கியது என்பது வெளிப்படை. உரையாசிரியர் தம் முன்னோரின் பெயரைச் சுட்டாது அவர்தம் கருத்தை மறுப்பதை ஒத்தது இது. பாடத்துள் அமைந்த அகச்சான்று, ஆய்வாளரைப் பாடத்துக்கு வெளியே உள்ள ஆவணத்திடம் அழைத்துச் செல்கிறது.

3. முன்வடிவு நிலை ஆவணங்கள்

1967 மார்ச்சு 6ஆம் நாள் பொறுப்பேற்ற அறிஞர் அண்ணாவின் அமைச்சரவைக் காலத்தில் இச்சட்டம் இயற்றப்பட்டது. ஒரு சட்டம் அவையில் அறிமுகம் ஆகுமுன் துறைக் கோப்புகளில் வாழ்கிறது. கருத்துரு, சட்டத் துறையின் குறிப்பு, வரைவுகள், அமைச்சரவையின் முடிவு ஆகியன அக்கோப்புகளுள் அடங்கும். பாதுகாக்கப்படும் பழைய அரசுக் கோப்புகளைத் தேடுவோர் முதலில் அணுக வேண்டிய இடம் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகும்.

அவையில் அறிமுகம் செய்யப்படும் சட்டமுன்வடிவுடன் நோக்கக் காரண விளக்கவுரை இணைக்கப்படும். சட்டம் ஏன் தேவை என்பதை அரசே தன் சொற்களில் கூறும் சிறு உரைநடை அது. முன்வடிவும் விளக்கவுரையும் அரசிதழில் வெளியாகும். சட்டம் நிறைவேறிய பின் வெளியிடப்படும் சட்டத் தொகுப்புகளில் பொதுவாக விளக்கவுரை இடம்பெறுவதில்லை. எனவே தொகுப்பை மட்டும் காணும் ஆய்வாளர் இதனை இழந்துவிடுகிறார். மேலும், முன்வடிவின் எண் வேறு, சட்டத்தின் எண் வேறு என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதித் தேடுவோர்க்கு ஆவணம் அகப்படாது.

4. அவை நடவடிக்கைகள்

அவைக் குறிப்புகளைத் தேடுவோர் இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. முதலாவது, 1986 நவம்பர் 1ஆம் நாள் கலைக்கப்படும் வரை தமிழ்நாட்டில் சட்டமன்ற மேலவை இருந்தது. ஆதலின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பேரவை நடவடிக்கைத் தொகுதிகளோடு மேலவைத் தொகுதிகளையும் காண வேண்டும். ஈரவை முறையை அறியாத இளம் ஆய்வாளர் பேரவைத் தொகுதியோடு நின்றுவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழையாகும்.

இரண்டாவது, மொழி பற்றியது. மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர் மாநில ஆட்சிமொழியில் பேச அரசமைப்பின் 210ஆம் உறுப்பு வகைசெய்கிறது. சட்டத்தின் அதிகாரமுடைய பாடமோ 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலப் பாடம் ஆகும். மாநில மொழியில் சட்டம் இயற்றப்படினும் ஆளுநரின் அதிகாரத்தால் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரப் பாடமாகக் கொள்ளப்படும். இதனால் கருத்துகள் தமிழில் மோதுகின்றன. முடிவு ஆங்கிலத்தில் உறைகிறது. ஆங்கிலப் பாடத்தை மட்டும் அறிந்த சட்ட அறிஞர் விவாதத்தின் தொனியை உணர இயலாது. விவாதத்தை மட்டும் அறிந்த தமிழறிஞர் சட்டத் தொடரின் எல்லையை அறிய இயலாது. இருமொழிப் பயிற்சி உடையோர்க்கே இத்துறையில் இடம் மிகுதி. ‘சுயமரியாதை’ என்னும் சொல் ஆங்கிலப் பாடத்துள் அவ்வாறே நின்றமை இவ்விரு மொழிகளும் சந்தித்த இடத்தைக் காட்டும் அடையாளமாகும்.

தொகுதிகளைப் பயன்படுத்துவோர் அறிமுகம், பொதுக் கொள்கை பற்றிய விவாதம், பிரிவு வாரியான ஆய்வு, நிறைவேற்றம் ஆகிய நிலைகளைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். திருத்தம் ஏதேனும் முன்மொழியப்பட்டு ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா என்பதும் குறிக்கத்தக்கது. ஏற்கப்படாத திருத்தமும் வரலாற்றுச் சான்றே. அவை எதனைத் தெரிந்து விலக்கியது என்பதை அது காட்டும்.

5. ஒப்புதலும் வெளியீடும்

திருமணமும் மணமுறிவும் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 5ஆம் பதிவில் அடங்கியவை. நடுவண் சட்டத்தோடு முரண்படக்கூடிய மாநிலச் சட்டம் 254ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அம்மாநிலத்தில் நிலைபெறும். ஆகவே இச்சட்டத்தின் வரலாறு சென்னைக் கோட்டையோடு முடிவதில்லை. அதன் ஒரு பகுதி தில்லியில் நிகழ்ந்தது. 1967ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் எனப் பெயர்பெற்ற இது, 1968 சனவரி 20ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரிலுள்ள ஆண்டை நடைமுறை ஆண்டாகக் கொள்வோர் இவ்விடத்தில் வழுக்குவர். முன் நிகழ்ந்த திருமணம், பின் நிகழ்ந்த திருமணம் எனச் சட்டமே பிரித்துக் கூறுவதால் இந்நாள் வேறுபாடு பொருளுடையதாகிறது.

பெயர் மாற்றமும் ஒரு தடையாகும். மாநிலத்தின் பெயர் 1969 சனவரி 14ஆம் நாள் தமிழ்நாடு என மாறிய பின் பழைய சட்டங்களின் பெயர்களிலும் ‘சென்னை’ என்பது ‘தமிழ்நாடு’ எனத் தழுவி அமைக்கப்பட்டது. அக்கால ஆவணங்களில் ‘சென்னை’ என்ற பெயரிலும் பிற்காலத் தொகுப்புகளில் ‘தமிழ்நாடு’ என்ற பெயரிலும் ஒரே சட்டம் காணப்படும். சொல்லடைவுகளில் இரு பெயர்களையும் தேடுதல் இன்றியமையாதது.

6. ‘அல்லது’: செவிவழிச் செய்தியும் ஆவணமும்

இப்பிரிவின் முதல் வரைவில் திருமண வழிகளைத் தொடுத்த சொல் உம்மைப் பொருளில் இருந்தது எனவும், பின்னர் அறிவுரை ஒன்றின் பேரில் அது ‘அல்லது’ என மாற்றப்பட்டது எனவும் ஒரு செய்தி மேடைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இச்சொல்லின் விளைவு பெரிது. உம்மையாயின் தாலி கட்டாத திருமணம் செல்லாது. ‘அல்லது’ ஆயின் தாலியை மறுப்போர் திருமணமும், புரோகிதரின்றித் தாலி கட்டுவோர் திருமணமும் ஒருங்கே செல்லும்.

இச்செய்தியை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ எவ்வாவணம் உதவும் என்பதே ஆய்வு நெறியின் உரைகல். அவையில் அறிமுகமான முன்வடிவில் ‘அல்லது’ இருப்பதாகக் கண்டு, ‘செய்தி பொய்’ என முடிவு செய்தல் தவறாகும். மாற்றம் அறிமுகத்திற்கு முன் நிகழ்ந்திருப்பின் அது துறைக் கோப்பின் வரைவுகளில்தான் புலப்படும். அறிமுகமான முன்வடிவுக்கும் நிறைவேறிய சட்டத்துக்கும் இடையே வேறுபாடு இருப்பின் மட்டுமே அவை நடவடிக்கைகள் விடை தரும். பிற்கால நினைவுக் குறிப்புகள் வழிகாட்டியாக அமையலாம். அவை முடிவான சான்றாகா. செவிவழிச் செய்தியைத் தள்ளிவிடாமலும் அப்படியே கொள்ளாமலும், அதனை ஒரு வினாவாக மாற்றி உரிய ஆவணத்திடம் கொண்டு செல்லுதலே ஆய்வாளர் கடன்.

7. பின்வரலாறு

சட்டம் வெளியானதோடு அதன் வரலாறு முடிவதில்லை. 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், முதல் மனைவி இருக்க மறுமணம் செய்ததாகத் தொடரப்பட்ட குற்ற வழக்கொன்றில் 7அ பிரிவை எடுத்தாண்டது. ஏழடி வைத்தல் நிகழவில்லை எனினும் தாலி கட்டியதால் இரண்டாம் திருமணம் நிகழ்ந்ததாகவே கொள்ளத்தக்கது என அது கூறியது. புரோகிதரற்ற மணத்திற்கு ஏற்பளிக்க எழுந்த பிரிவு, சடங்குக் குறையைக் காட்டித் தப்ப முயன்றவருக்கு எதிராகவும் பயன்பட்டது. ‘பிறர் முன்னிலையில்’ என்னும் தொடருக்கு 2014ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நிகழும் திருமணங்கள் செல்லா என்று பொருள் கொண்டது. 2023 ஆகத்து 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்காது, பலரறிய நிகழ வேண்டும் என்னும் கட்டாயம் பிரிவில் இல்லை எனத் தெளிவுபடுத்தியது. பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சி மணப்போர்க்கு ‘பிறர்’ என்னும் ஒரு சொல் அரணாக நின்றது.

சட்டப் பொருள் காணும் நீதிபதிக்கும் வரலாற்றாசிரியர்க்கும் உள்ள வேறுபாட்டையும் இங்குக் குறித்தல் தகும். நோக்கக் காரண விளக்கவுரையையும் அவை உரைகளையும் நீதிமன்றங்கள் வரம்புக்குட்பட்டே பயன்படுத்துகின்றன. சட்டத்தின் சொற்களே அவர்க்கு முதன்மை. வரலாற்றாசிரியர்க்கு அவ்வரம்பு இல்லை. ஆனால் அவ்வுரிமையால், ஓர் உறுப்பினரின் உரையை அவையின் கருத்தாகக் காட்டும் பிழைக்கு அவர் இடந்தரலாகாது.

முடிவுரை

சட்டத்தின் மூலபாடம் வினாக்களைத் தருகிறது. இதழ்களும் முந்தைய தீர்ப்புகளும் அது நீக்க முனைந்த குறையைக் காட்டுகின்றன. துறைக் கோப்புகள் வரைவின் மாற்றங்களையும், அரசிதழ் அரசின் நோக்கத்தையும், ஈரவைத் தொகுதிகள் கருத்து மோதலையும், ஒப்புதல் நாள்கள் நடைமுறையின் தொடக்கத்தையும், பிந்தைய தீர்ப்புகள் சொற்களின் பயன்பாட்டையும் உணர்த்துகின்றன. ஓர் ஆவணத்திற்குரிய வினாவை மற்றோர் ஆவணத்திடம் கேட்பதே பல பிழைகளுக்குக் காரணம். ‘அல்லது’, ‘பிறர்’ போன்ற சிறு சொற்களில் குடும்பங்களின் உரிமை தங்கியிருத்தலை இச்சட்டம் காட்டுகிறது. தேவதாசி ஒழிப்பு, கோயில் நுழைவு, ஆட்சிமொழி ஆகியன பற்றிய மாநிலச் சட்டங்களும் இவ்வாறே பாட வரலாறு எழுதப்பட வேண்டியவை. சொல்லைச் சொல்லாக எடைபோடப் பயின்ற தமிழாய்வுலகம் அப்பணியை மேற்கொள்ளுதல் தகும்.