நூலகச் சாவி யாரிடம்?

‘உங்க காலனிப் பிள்ளைங்களுக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை.’ இந்தப் பேச்சைக் கேட்காமல் எங்கள் களப்பணியில் ஒரு மாதம்கூடக் கழிவதில்லை. கூடவே அறிவுரையும் வரும்: தூங்கும் முன் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள், பெற்றோர் படிப்பதைப் பார்த்துத்தான் பிள்ளையும் படிக்கும். சரிதான். ஆனால் படிப்பையே மறுத்து வைத்த ஒரு சமூகத்தில், சின்னப் பிள்ளையின் கைக்குப் புத்தகம் வந்து சேர்ந்த வரலாறு வேறு. அதைப் பேசாமல் ஆர்வத்தை மட்டும் பேசினால், பழி முழுக்க நம் தாய்மார்கள் தலையில்தான் விழும்.

முக்தா சால்வேயிடமிருந்து தொடங்கலாம். புனேயில் சாவித்திரிபாய், ஜோதிராவ் பூலே நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி. மாங், மகர் மக்கள் படும் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. அவளுக்கு ஒருவர் பரிசாக மிட்டாய் கொடுத்தபோது, மிட்டாய் வேண்டாம், எங்களுக்கு நூலகம் கொடுங்கள் என்று கேட்டதாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எங்கள் மாலை வகுப்புகளில் நாங்கள் அதிகம் சொன்ன கதை இதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: ‘அக்கா, ரெண்டையும் கேட்டிருக்கலாம்ல?’ நியாயமான கேள்வி.

அடுத்தது அண்ணல். பம்பாய் பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பு. அதிலேயே சமையல், விறகு, ஆடு எல்லாம். அப்பா ராம்ஜி இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, பிறகு மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். புத்தகம் வாங்கக் கையில் காசு இல்லாதபோது, திருமணமாகிப் போன மகள்களிடம் கடன் கேட்பார். அவர்களின் நகை அடகுக்குப் போகும். அம்பேத்கர் வீட்டில் வாசிப்பை வளர்த்ததில் அந்த அக்காக்களின் நகைக்கும் பங்கு உண்டு. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. வீட்டுக்கு வெளியிலும் ஒருவர் இருந்தார். சர்னி ரோடு பூங்காவில் தினமும் உட்கார்ந்து படிக்கும் சிறுவனைக் கவனித்த ஆசிரியர் கேளுஸ்கர் அவனுக்குப் புத்தகங்கள் கொடுத்தார். 1907இல் அவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அந்தப் புத்தகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நமக்குத் தெரியும்.

இங்கே சென்னையில் 1894இல் அடையாறு அருகே ஊரூரில் ஆல்காட் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பஞ்சமர் பள்ளிகள் பெருகின. இந்த முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதரின் பங்கு பெரியது. பாட்டும் விளையாட்டுமாகக் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை அந்தச் சேரிப் பள்ளிகளில் கையாளப்பட்டது. இன்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்களே, அதே முறைதான்.

பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். விலை, பெயரிலேயே இருக்கிறது. கோலார் தங்கவயலில் அதற்கு உறுதியான வாசகர்கள் இருந்தார்கள். அங்கே உருவான சித்தார்த்தா புத்தகசாலை பின்னாளில் பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கியது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் அந்தக் காலத்தில் பரவலாக இருந்த பத்திரிகை வாசிப்பு. அப்படிக் கேட்பதும் வாசிப்புதான். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாவும் பிள்ளையும் ஒரே புத்தகத்தின் முன்னால் உட்காரலாம் என்று நாங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

பெருந்தலைவர் எம்.சி.ராஜாவைப் பலருக்கும் சட்டமன்றத்தோடு சேர்த்துத்தான் தெரியும். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற குழந்தைகள் நூல் அவர் பெயரைத் தாங்கி வந்தது. அதிலுள்ள பாடல்களை அவர் இயற்றினாரா, மக்களிடமிருந்து தொகுத்தாரா என்று இன்று விவாதம் நடக்கிறது; நடக்கட்டும். சட்டசபையில் நம் உரிமைக்காக மல்லுக்கட்டிய ஒரு தலைவர், நாலு வயதுப் பிள்ளை வாயசைத்துப் பாட ஒரு புத்தகம் வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், எங்களுக்கு அதுதான் பெரிது. நம் இயக்கங்களில் இன்று எத்தனை பேர் அப்படி நினைக்கிறோம்?

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். நாங்கள் போய்ப் பார்த்த ஊர்களில் கட்டடம் பெரும்பாலும் ஊர்த்தெருவில் இருக்கிறது, பூட்டும் தொங்குகிறது. ஓரிடத்தில் உள்ளே சிமெண்ட் மூட்டை. திறந்திருக்கும் இடத்திலும் ஆறு வயதுப் பெண் குழந்தை காலனியிலிருந்து தனியாக நடந்துபோய், ‘யார் வீட்டுப் பிள்ளை நீ?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஆறு வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் காலனிப் பெண்கள் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நூலகம் எந்தெந்த நாள் எத்தனை மணிக்குத் திறக்கும், சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகம் எத்தனை இருக்கிறது, வாரம் ஒரு பெட்டிப் புத்தகம் காலனி அங்கன்வாடிக்கு வருமா, சாவி யாரிடம் இருக்கிறது. நான்கையும் எழுத்தில் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிவான பிறகே கையெழுத்துப் போடுங்கள்.