மூன்று மில்லிமீற்றர் வலை

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவும், அவற்றின் பக்கத்தில் நின்ற மேதைகளின் வரலாறாகவுமே எழுதப்படுகின்றது. இயந்திரத்துள் வைக்கும் பொருளை ஆயத்தஞ் செய்த கைகளைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. குளிர்நிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கதையை நாம் இக்கண்கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

1931 இல் பேர்லினில் ருஸ்காவும் நொல்லும் முதலாவது இலத்திரன் நுணுக்குக்காட்டியை அமைத்தனர். ஒளியாற் காணவியலாத நுண்ணுலகம் மனிதனுக்குப் புலப்படத் தொடங்கிற்று. ஆனால் உயிர்ப்பொருளுக்கு அவ்வியந்திரம் கொலைக்களமாகவே இருந்தது. இலத்திரன்கள் தடையின்றிச் செல்ல வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்திலோ நீர் ஆவியாகும். நீரை இழந்த புரதம் தன் உருவை இழக்கும். எஞ்சியதை இலத்திரன் கற்றை சிதைக்கும். யூரேனியம் போன்ற பார உலோகங்களின் உப்பிட்டு உலர்த்தும் முறை பயன்பட்டதாயினும், அது காட்டியது புரதத்தையன்று. அதனைச் சூழ்ந்த உப்பின் அச்சையே.

நீரை உறையச் செய்தால் என்ன? 1974 இல் பேர்க்லியில் டெய்லரும் கிளேசரும் உறைந்த புரதப் பளிங்குகள் வெற்றிடத்திலும் தம் ஒழுங்கைக் காத்து நிற்பதைக் காட்டினர். எனினும் நீர் சாதாரணமாக உறையும்போது தோன்றும் பனிப்பளிங்குகள் நுண்பொருள்களை ஒதுக்கித் தள்ளும், இலத்திரன்களையும் சிதறடிக்கும். பளிங்காவதற்கு அவகாசமளியாது நீரைக் கண்ணாடிபோல் இறுகச் செய்தல் வேண்டும். 1980 இல் இன்ஸ்ப்ருக்கில் புருக்கெலரும் மேயரும் அது இயலுமென நிறுவினர். 1981 இல் ஹைடல்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் டுபோஷேயும் மக்டௌவலும் நுணுக்குக்காட்டிக்கேற்ற மென்படலத்தில் அதனைச் சாதித்தனர். 1984 இல் அட்ரியன், லெப்போ ஆகியோரும் அவர்களுடன் சேர, வைரசுகள் அந்நிலையிற் படம்பிடிக்கப்பட்டன.

இச்சாதனை நிகழும் களம் மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு செப்பு வலை. அதன்மேல் நுண்டுளைகளையுடைய காபன் படலம் உண்டு. காபன் நீரை எளிதில் ஏற்காதாகையால், மின்னிறக்கத்தால் அதனைப் பதப்படுத்துவர். பின்னர் மூன்று மைக்கிரோலீற்றர் அளவான புரதக் கரைசலை இட்டு, வடிதாளால் ஒற்றியெடுப்பர். துளைகளில் எஞ்சும் நீர்ப்படலம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்களவே தடிப்புடையது. உடனே வலையைத் திரவ எதேனுள் வீழ்த்துவர். திரவ நைதரசன் அதனினுங் குளிரானதே. ஆனால் வலை பட்டதுங் கொதித்து, தன் வாயுவையே வலைக்குப் போர்வையாக்கிவிடும். ஆகவே நைதரசனால் எதேனைக் குளிர்த்தி, எதேனால் நீரை இறுகச் செய்வர்.

ஒற்றும் நேரம் சற்றுக் கூடினால் படலம் உலரும், குறைந்தால் தடிக்கும். அளவு சரியாயினும் இடர் தீர்வதில்லை. காற்றைத் தொடும் நீர்மேற்பரப்பிற் சேரும் புரதங்கள் உருக்குலைவதுண்டு. இலத்திரன் பட்டதும் படலம் அசைந்து படம் மங்குவதுமுண்டு. அவ்வசைவைக் குறைக்க 2014 இல் கேம்பிரிட்ஜில் ருஸ்ஸோவும் பாஸ்மோரும் பொன்னாலான வலையை அமைத்தனர். வீழ்த்தும் வேலையை இன்று கருவிகள் செய்கின்றன. ஆயினும் எப்புரதத்துக்கு எவ்வலை, எத்தனை விநாடி என்பதைத் தோற்றுத் தோற்றுத்தான் அறியவேண்டியிருக்கிறது.

2017 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு டுபோஷே, பிராங்க், ஹென்டர்சன் ஆகியோருக்குக் கிடைத்தது. தகுதியுடையோரே அவர்கள். ஒரு பரிசை மூவருக்கு மேற் பகிரலாகாது என்பது விதி. ஆனால் பரிசின் எண்ணிக்கை வரலாற்றின் எண்ணிக்கையாகிவிடலாகாது. மேலே நாம் சொன்ன பெயர்களே மூன்றைத் தாண்டிவிட்டன. வடிதாளுடன் நின்ற பெயரறியாதோரோ எண்ணிலர்.

இவ்வலை நமக்குத் தொலைவானதுமன்று. டெங்கு வைரசின் அமைப்பை 2002 இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டது இம்முறையின் துணையாலேயே. நோபல் பரிசு வழங்கப்பட்ட அதே 2017 இல் இலங்கையில் டெங்கு நோயாளரெனப் பதிவானோர் 180,000 க்கும் அதிகம். வலையின் விலை சொற்பம். அதனை ஏற்கும் உயர்தர நுணுக்குக்காட்டியின் விலையோ பல மில்லியன் டொலர். ஆகவே அவை பெரும்பாலும் செல்வநாடுகளிலேயே குவிந்துள்ளன. நோய் ஓரிடம், அதனைக் காணுங் கண் வேறோரிடம் என்பது இயற்கையின் நியதியன்று. மனிதர் வகுத்த ஏற்பாடே.

பல நாட்டுக் கைகள் சேர்ந்து படைத்த அறிவு பல நாட்டு மக்களுக்கும் உரியது. இதனை மாணவர்க்கு உணர்த்தாத விஞ்ஞானப் பாடம் அரைப் பாடமே.