முசோலினியின் நட்பும் இத்தாலியரின் ரொட்டியும்

ஹிட்லர், முசோலினி என்றதும் போர்க்களமும் மேடைப் பேச்சும்தான் ஞாபகம் வரும். இந்த இருவரின் கூட்டு இத்தாலியில் ஒரு சாதாரண குடும்பத்தின் அடுப்படி வரை வந்த கதை அதிகம் பேசப்படுவதில்லை.

1935ல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தது. சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை போட்டது. அந்த சங்கத்தை விட்டு 1933லேயே வெளியேறியிருந்த ஜெர்மனி வியாபாரத்தை நிறுத்தவில்லை. இரண்டு நாடுகளிடமும் அன்னியச் செலாவணி இல்லை. ஆனால் 1934ல் போட்ட கிளியரிங் ஒப்பந்தம் இருந்தது. பணம் கை மாறாது, வாங்கியதில் விற்றதைக் கழித்து மீதியைக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். கிட்டத்தட்ட மளிகைக் கடை பற்று நோட்டு! 1936 நவம்பர் 1 அன்று மிலான் நகரில் முசோலினி 'ரோம் - பெர்லின் அச்சு' என்று முழங்கியபோது, கடைக் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

1938 மே மாதம் ஹிட்லர் ரோம், நேப்பிள்ஸ், பிளாரன்ஸ் நகரங்களுக்கு வந்தார். போப் பதினோராம் பயஸ் வாடிகன் அருங்காட்சியகத்தை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். அந்த ஆண்டு வந்த மாற்றங்களில் சில சிரிப்பை வரவழைப்பவை. ஜெர்மன் படையைப் போல காலை உயர்த்தி நடக்கும் அணிவகுப்பு வந்தது. அதற்கு 'ரோமானிய நடை' என்று பெயர் வைத்தார்கள். மரியாதையாக அழைக்கும் 'லேய்' என்ற சொல்லை விட்டு 'வோய்' என்று சொல்ல வேண்டும் என்றார்கள். 'லேய்' என்ற பெயரில் வந்த பெண்கள் பத்திரிகைகூட 'அன்னாபெல்லா' ஆனது. (நாளை முதல் யாரும் 'நீங்கள்' சொல்லக்கூடாது என்றால் எப்படி இருக்கும்?)

அடுத்து வந்தது சிரிக்கக் கூடியதல்ல. இத்தாலியில் யூதர்கள் சுமார் 45 ஆயிரம் பேர், ஆயிரத்தில் ஒருவர்தான். பாசிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்த யூதர்களும் உண்டு. 1938 ஆகஸ்டில் அவர்களைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். செப்டம்பரில் யூதப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். நவம்பரில் கலப்புத் திருமணத்துக்குத் தடை வந்தது. மனைவி யூதர் என்பதால், விஞ்ஞானி என்ரிகோ பெர்மி டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசை வாங்கிய கையோடு குடும்பத்துடன் அமெரிக்கா போய்விட்டார். டூரின் பல்கலைக்கழகத்தில் வேலை இழந்த ரீத்தா லெவி-மொந்தல்சினி தன் படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் வைத்தார். 1986ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. இதெல்லாம் ஹிட்லர் சொல்லிச் செய்தது என்று பழியைத் தள்ளிவிட முடியாது. பெர்லினிலிருந்து அப்படி உத்தரவு வந்ததற்கு ஆதாரம் இல்லை. நண்பனுக்குச் சளைத்தவனில்லை என்று காட்ட முசோலினி தானே செய்தது இது.

1939 மே 22ல் 'எஃகு உடன்படிக்கை' கையெழுத்தானது. பெயரில்தான் எஃகு, நாட்டில் இரும்பும் நிலக்கரியும் பற்றாக்குறை. போதாததற்கு, கடல் வழியே வந்த ஜெர்மன் நிலக்கரியை 1940 மார்ச்சில் பிரிட்டன் மறித்தது. பிறகு ஆல்ப்ஸ் மலை தாண்டி ரயிலில் மாதம் சுமார் 10 லட்சம் டன் வந்தது. அதாவது இத்தாலிய ஆலைகளின் உயிர் ஜெர்மனியின் கையில்!

விலையாக என்ன கொடுப்பது? காய்கறி, பழம், அரிசி போனது. ஆட்களும் போனார்கள். 1938 முதல் 1943 வரை சுமார் 5 லட்சம் இத்தாலியர் ஜெர்மன் வயல்களிலும் ஆலைகளிலும் வேலை பார்த்தார்கள். அவர்கள் அனுப்பிய கூலியும் அதே பற்று நோட்டில்தான் ஏறியது. ஊரிலிருந்த குடும்பத்துக்கு இத்தாலிய அரசே லீராவில் கொடுத்தது. பெர்லின் பக்கம் வரவேண்டிய பாக்கி மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

வீட்டில்? 1941 அக்டோபரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் ரொட்டி என்று ரேஷன். 1942 மார்ச்சில் அது 150 கிராம் ஆனது. கடின உழைப்பாளிகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். மிலான் பேராலயத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்தில் கோதுமை விளைவித்தார்கள். 1943 மார்ச்சில் டூரின் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 25ல் முசோலினி பதவி இழந்தார். செப்டம்பர் 8ல் இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானதும் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்துக்கொண்டது.

யார் யார் யூதர், எந்தத் தெருவில் வீடு என்பதெல்லாம் 1938லேயே பதிவாகியிருந்தது. 1943 அக்டோபர் 16 அதிகாலையில் ரோம் நகரில் வீடு வீடாகப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர்.