எரியாத விளக்கு

2018இல் நாட்டுக் கடனைக் குறைக்க மக்களிடம் பணம் திரட்டினார்கள். தாபோங் ஹராப்பான் என்று பெயர். அம்மா ஐம்பது வெள்ளி போட்டார். "நம்ம நாடு, நாம குடுக்காம யாரு குடுப்பா?" என்றார்.

அப்போது நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். பக்கத்து அறையில் தங்கியிருந்த பிலிப்பினோ தாதியிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உங்கம்மாகிட்ட கேட்டாங்க, குடுத்தாங்க. எங்கம்மாகிட்ட கேக்கவே இல்ல. எரியாத விளக்குக்கு இருபது வருசம் கட்டினாங்க."

அந்த விளக்கைத் தேடிப் போனபோதுதான் பத்தான் அணுமின் நிலையத்தின் கதை கிடைத்தது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மார்கோஸ் அரசு அணுமின்சாரத்தில் இறங்கியது. ஒப்பந்தம் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்குப் போனது. நடுவில் நின்றவர் மார்கோஸின் கோல்ப் தோழர் ஹெர்மினியோ டிசினி. அவர் கமிஷன் வாங்கினார் என்று பிலிப்பைன்ஸ் ஊழல் தடுப்பு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. இரண்டு உலைகளுக்கு 50 கோடி டாலர் என்று தொடங்கிய பேச்சு, ஒரே உலைக்கு 200 கோடி டாலருக்கும் மேலான செலவில் முடிந்தது. அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி கடனும் கொடுத்து உத்தரவாதமும் தந்தது.

1986 பிப்ரவரியில் மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். ஏப்ரலில் செர்னோபில் வெடித்தது. புதிய அதிபர் கொரசோன் அக்கினோவின் அரசு, கட்டி முடித்த நிலையத்தை இயக்காமலே மூடியது. ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை.

நிலையத்தை மூடலாம். கடனை மூட முடியுமா? கடன் தவணைக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை, அது தானாகவே ஒதுக்கப்படும் என்று மார்கோஸ் 1977இல் ஆணை போட்டிருந்தார். அவரை விரட்டியவர்களும் அந்த விதியை 1987இல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1984, 1985 இரண்டு ஆண்டுகளும் பொருளாதாரம் ஏறக்குறைய 7 விழுக்காடு சுருங்கியிருந்த நாடு அது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் முன்னால் வங்கிக்காரன் வரிசையில் நின்றான். பத்தான் கடன் தீர்ந்தது 2007இல்.

கடன் வாங்கியதே தப்பு என்று முடித்துவிடலாம். ஆனால் தென்கொரியா அதைவிட அதிகமாகக் கடன் வாங்கிய நாடு. பத்தானின் உடன்பிறப்பு போன்ற வெஸ்டிங்ஹவுஸ் உலைதான் அங்கே கோரி-2. 1983 முதல் நாற்பது ஆண்டுகள் ஓடியது. சரி, கொரியாவில் ஊழல் இல்லையா? இரண்டு முன்னாள் அதிபர்கள் லஞ்ச வழக்கில் 1996இல் தண்டிக்கப்பட்டார்களே! நான் புரிந்துகொண்டது இதுதான்: அங்கே வேலை நடந்தது, அதில் லஞ்சமும் நடந்தது. பத்தானில் லஞ்சம் நடந்தது, விளக்கு எரியவில்லை. லஞ்சமே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கடன் வளர்ச்சியாக மாறுவதில்லை. கடனாகவே இருந்துவிடுகிறது.

நம் கதைக்கு வருவோம். 2013 மார்ச்சில் 1எம்டிபி கடன் பத்திரம் மூலம் 300 கோடி டாலர் திரட்டியது. அதில் 100 கோடிக்கும் மேல் திருடப்பட்டது என்கிறது அமெரிக்க நீதித்துறை. பத்து ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில், முழு அசலையும் மலேசிய அரசாங்கம் கட்டியது. அதாவது, நாம்.

பத்தான் நிலையத்தை இப்போது சுற்றிப் பார்க்கலாமாம். "போய் பாரு, நாங்க காசு கொடுத்து வாங்கினது" என்றார் அந்தத் தோழி.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அவங்களுக்குக் காட்டறதுக்குக் கட்டடமாச்சும் இருக்கு. திருடு போன நம்ம காசுக்கு எதைப் போய் பாக்கறது?"