கல்லும் வண்ணமும் விருந்தும்

பிழைப்பு நாடி வேற்றூர் சென்ற தமிழர், தாம் வாழும் ஊரைப் பெரும்பாலும் மூன்று இடங்களாகவே அறிவர்: குடியிருக்கும் வீடு, உழைக்கும் இடம், சொந்த ஊருக்கு வண்டியேறும் நிலையம். இம்மூன்றுக்கும் இடையே கிடக்கும் ஊர், பேருந்தின் பலகணி வழியே விரைந்து மறையும் காட்சியாகவே நின்றுவிடுகின்றது. ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், 'நாம் இங்கு வந்தவர்கள்தாமே' என்ற எண்ணம் நெஞ்சின் ஒரு மூலையில் உறைந்திருக்கும். அவ்வெண்ணம் எத்துணை உண்மை, எத்துணை பொய் என்பதை ஆராய்வதற்கு நூலகம் புக வேண்டுவதில்லை. ஒரு விடுமுறை நாளும் நடக்கும் கால்களும் போதும்.

பெங்களூரின் தென்கிழக்கே, கோரமங்கலத்தை அடுத்துள்ளது ஈஜிபுரா. முன்னாளில் ஊர்ப்புறச் சிற்றூராக இருந்து, நகரம் விரிந்தபோது அதனுள் அடங்கிய இடம் இது. கட்டடத் தொழிலாளர், வீட்டு வேலை செய்வோர், தையற்காரர், கணிப்பொறி நிறுவனங்களிற் பணிபுரியும் இளைஞர் எனப் பல திறத்துத் தமிழரும் இங்கு வாழ்கின்றனர். வேலூரும் தருமபுரியும் திருவண்ணாமலையும் இவர்தம் பேச்சில் அடிக்கடி வந்து செல்லும். இவ்வூரிலிருந்து புறப்பட்டு, பழைய கட்டடக் கலையையும் ஓவியத்தையும் கண்டு, நல்லதொரு சிற்றுண்டியுடன் மாலையில் முடியும் ஒரு நாட்செலவை இன்று நேயர்களுடன் மேற்கொள்வோம்.

ஈஜிபுராவுக்கு வடக்கே, நடந்தே சென்றடையத்தக்க தொலைவில் தொம்மலூர் இருக்கின்றது. ஊர் நடுவே சிறியதொரு மேட்டின்மீது சொக்கநாதசுவாமி கோயில் நிற்கின்றது. மதுரையிற் சொக்கநாதர் என்றால் சிவபெருமான். இங்கோ அப்பெயரால் வழங்குபவர் திருமால். 'சொக்கு' என்பது அழகைக் குறிக்கும் சொல்லாதலின், சொக்கப்பெருமாள் அழகிய பெருமாளாகின்றார். தேவியர் இருவருடன் அவர் எழுந்தருளியுள்ளார். கோயில் பெரியதன்று, வானளாவிய கோபுரமும் இல்லை. ஆயினும் இங்குள்ள கற்களிலே தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பெற்றிருப்பதைக் காணும் தமிழர், ஒரு கணம் திகைத்து நிற்பர்.

இக்கல்வெட்டுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து லூயி ரைசு என்னும் அறிஞர் 1905ஆம் ஆண்டு வெளியிட்ட பெருந்தொகுதியில் இவையும் இடம் பெற்றன. தொம்மலூருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்று மற்றொரு பெயரும் இருந்தமை இவற்றால் விளங்குகின்றது. 'பட்டணம்' என்பதும் 'தேசி' என்பதும் வணிகர் நடமாட்டத்தைக் காட்டும் சொற்கள். இன்று எலகங்கா என வழங்கும் நாடு, இக்கல்வெட்டுகளில் இலைப்பாக்க நாடு எனத் தமிழ் வடிவு பெற்று விளங்குகின்றது.

கன்னட நாட்டின் நடுவே தமிழ்க் கல்வெட்டு வந்தது எவ்வாறு? கி. பி. 1004ஆம் ஆண்டளவில் இராசராச சோழனின் படைகள் கங்கரின் தலைநகரான தலைக்காட்டைக் கைப்பற்றின. கோலாரைச் சூழ்ந்த நாடு, நிகரிலிசோழ மண்டலம் என்னும் பெயருடன் சோழர் ஆட்சிக்குள் வந்தது. 1116ஆம் ஆண்டில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். அத்துடன் இங்குச் சோழர் ஆட்சி சாய்ந்தது. ஆனால் தமிழ் சாயவில்லை. பின்னர் வந்த போசள மன்னன் சோமேசுவரன், திருவரங்கத்துக்கு அணித்தாய கண்ணனூரில் தங்கி ஆண்டான். அவனுக்குப் பின் அரசு இரண்டாகப் பிரிந்தது. துவாரசமுத்திரம் மூன்றாம் நரசிம்மனுக்கும், தமிழ்நாட்டுப் பகுதிகளுடன் கோலாரும் பெங்களூரைச் சூழ்ந்த நிலமும் வீர ராமநாதனுக்கும் உரியவாயின. தொம்மலூரில் அறம் பொறித்த தமிழ்க் கல்வெட்டுகள் இந்த ராமநாதன் காலத்தனவே. ஆண்டவன் கன்னட மரபினன். அவன் ஆட்சியில் மக்கள் அறத்தைப் பொறித்த மொழியோ தமிழ். மொழிக்கும் ஆட்சிக்கும் இன்று நாம் வரையும் எல்லைக் கோடு, அன்று அவ்வளவு அழுத்தமாக வரையப்பெறவில்லை.

கல்வெட்டுகளுள் ஒன்று நம் கருத்தை மிகவும் ஈர்க்கின்றது. அழகியார் என்பவர் இக்கோயிலுக்கு இரண்டு வாசற்கால்களைக் கொடுத்தார் என்பதே அதன் செய்தி. போர் வென்றதாகவோ ஊர் எரித்ததாகவோ அக்கல் கூறவில்லை. இதே போன்றதொரு செய்தி, கடல் கடந்து பர்மாவிலும் உண்டு. பகான் நகரத்தில் நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்குச் சேர நாட்டிலிருந்து சென்ற ஒருவர் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று தமிழில் உரைக்கின்றது. வேற்றூர் சென்றோர் அவ்வூரில் ஒரு வாசலை நிறுவினர்; வாழும் மண்ணுக்கு ஒன்றைத் தந்த பின்னரே அதைத் தம் மண் என்றனர்.

தொம்மலூரை விட்டு மேற்கே நகரின் நடுப்பகுதிக்குச் சென்றால், கப்பன் பூங்காவின் ஓரத்தில் செந்நிறக் கட்டடங்கள் தோன்றும். அவற்றுள் ஒன்று அரசு அருங்காட்சியகம். 1865ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இதன் தோற்றத்தில் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர்க்குப் பங்குண்டு. சென்னை அருங்காட்சியகத்தை 1851இல் தொடங்கி வளர்த்தவரும் அவரே. இப்போதுள்ள கட்டடம் 1877இல் எழுந்தது. இதற்குரிய கற்களுள் இரண்டைத் தமிழர் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒன்று, பேகூரிலிருந்து வந்த கங்கர் கால வீரக்கல். யானையும் குதிரையும் வில்லும் வேலும் மோதும் போர்க்களம் அதில் நெருக்கமாகச் செதுக்கப்பெற்றுள்ளது. பேகூரிலேயே உள்ள மற்றொரு கல்வெட்டு, கி. பி. 890ஆம் ஆண்டளவினது, பழங்கன்னடத்தில் அமைந்தது. நாகத்தரன் என்னும் தலைவனின் மகனும் அவன் மனைக்குரிய பணியாளும் 'பெங்களூர்ப் போரில்' மாண்டனர் என்று அது கூறுகின்றது. வெந்த பயற்றின் கதை கூறி இந்நகரின் பெயருக்கு விளக்கம் சொல்வோர் உளர். அக்கதைக்கும் கெம்பேகவுடர் 1537இல் கோட்டை கட்டியதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே பெங்களூர் என்னும் பெயர் கல்லில் ஏறிவிட்டது.

மற்றொன்று, ஆதகூர்க் கல். வேட்டை நாயொன்றும் காட்டுப் பன்றியும் பொருதும் சிற்பம் அதில் உள்ளது. கி. பி. 949இல் அரக்கோணத்துக்கு அணித்தாகிய தக்கோலத்தில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. முதற் பராந்தகன் மகன் இராசாதித்தன் யானைமீது இருந்தவாறே வீழ்ந்தான். அவனை வீழ்த்தியவன் கங்க மன்னன் பூதுகன். அப்போரில் ஆற்றல் காட்டிய மணலேரன் என்னும் வீரனிடம் 'வேண்டுவது யாது?' என வினவியபோது, அவன் பொன்னும் கேட்கவில்லை, மண்ணும் கேட்கவில்லை. 'காளி' என்னும் வேட்டை நாயைக் கேட்டான். அந்நாய் பின்னர் ஒரு பெரும்பன்றியுடன் பொருது, இரண்டும் மாண்டன. அந்த நாய்க்கு எடுத்த நடுகல்லே இது. அதனிடையேதான் தக்கோலப் போரின் செய்தியும் பொறிக்கப்பெற்றுள்ளது.

சோழர் குலத்தைத் தலைகுனியச் செய்த தோல்வி அது. தொண்டை நாடு அவர் கையினின்றும் நழுவியது. 985இல் இராசராசன் அரியணை ஏறும்வரை அக்குலம் பழைய நிலையை எய்தவில்லை. அத்துணைப் பெரிய நிகழ்ச்சிக்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றை, ஒரு நாயின் நினைவாகக் கன்னட மண் நமக்குக் காத்துத் தந்திருக்கின்றது. அதே கிருட்டிணன், காஞ்சியும் தஞ்சையும் கொண்டவன் என்னும் சிறப்புடன் தமிழ்நாட்டுக் கோயில்களில் தமிழிலேயே கல்வெட்டு வெட்டுவித்தான். ஒருவர் வரலாற்றை மற்றவர் மொழியின் துணையின்றி எழுத இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அருங்காட்சியகத்தை அடுத்து வெங்கடப்பா ஓவியக் கூடம் அமைந்துள்ளது. 1886இல் மைசூரில், அரண்மனை ஓவியர் மரபிலே பிறந்த கே. வெங்கடப்பா, கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். வீணை சேசண்ணாவிடம் வீணையும் கற்றவர். 1965இல் மறைந்த இவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களுள் உதகமண்டலத்தைப் பற்றியவை பெரும்புகழ் பெற்றன. பனிப்படலம் மெல்ல விலகும் நீலமலையை ஒரு கன்னட ஓவியர் கண்ணால் தமிழர் காணும்போது, நம் மலையையே புதிதாகக் காண்கின்றோம்.

அவர் பிறந்த மைசூர் ஓவிய மரபும் நம் தஞ்சை ஓவிய மரபும் உடன்பிறப்புகள் எனலாம். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் அழிந்தது. அங்கிருந்த ஓவியக் குடும்பங்கள் புகலிடம் தேடிப் பல திசை சென்றன. மைசூர் சென்றோர் மெல்லிய பூச்சின்மேல் நுண்ணிய பொற்றகட்டை ஒட்டினர். தஞ்சை சென்ற மரபோ பூச்சைத் தடிப்பாக உயர்த்தி, நிறக்கற்களையும் பதித்துக்கொண்டது. குடிபெயர்ந்தோர் கையிலிருந்தே இரண்டு கலைகளும் பிறந்தன என்பதை, குடிபெயர்ந்தோராகிய நாம் மறவாதிருத்தல் நன்று.

பூங்காவுக்குள்ளே உயர்ந்த தூண்களுடன் விளங்கும் செந்நிற மாளிகை, 'அட்டாரா கச்சேரி'. பதினெட்டு அலுவலகங்கள் கூடிய இடம் என்பது அப்பெயரின் பொருள். இன்று அது உயர்நீதிமன்றம். சாங்கி என்னும் பொறியாளரின் திட்டப்படி 1868இல் இதைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். அப்படைக்குப் பொருள் வழங்கவும் வீடு கட்டவும் துணி வெளுக்கவும் தமிழர் திரள் திரளாக வந்து பாளையத்திற் குடியேறினர். அம்மரபில் வந்த நாராயணசாமியார், ஈட்டிய பொருளைப் பூட்டி வையாது, 1873இல் பள்ளி ஒன்றை நிறுவினார். அரண்மனைச் சாலையில் உள்ள மாணிக்கவேலு மாளிகையும் ஒரு தமிழர் பெயரைத் தாங்கியதே. சுரங்கத் தொழிலில் பொருளீட்டிய மாணிக்கவேலு முதலியாரின் அம்மாளிகையில், 2009ஆம் ஆண்டு முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்கி வருகின்றது.

இவ்வளவு கண்ட பின் வயிறு தன் உரிமையைக் கேட்கும். லால்பாக்குத் தோட்டத்தை அணுகியுள்ள மாவள்ளி சிற்றுண்டிச் சாலையை 'எம்.டி.ஆர்.' என்றால் அறியாதார் இலர். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த மையா உடன்பிறந்தார் 1924இல் தொடங்கிய கடை இது. ஆக, இதுவும் பிழைப்புத் தேடி வந்தோர் கையால் எழுந்ததே. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா சப்பானியர் வசமானது. 1942 முதல் அங்கிருந்து அரிசி வரவு நின்றது. இட்டலிக்கு அரிசி இல்லை. அந்நெருக்கடியில் கோதுமை ரவையைத் தயிருடன் கலந்து, முந்திரியும் தாளிப்பும் சேர்த்து ஆவியில் வேகவைத்துப் பார்த்ததே ரவை இட்டலியின் பிறப்பு என்பர் அவ்விடுதியார். பஞ்சத்தின் குழந்தை இன்று விருந்தின் அணிகலனாயிற்று.

இட்டலி என்றதும் அது நமக்கே உரியதென மார்தட்டுவது தமிழர் இயல்பு. கி. பி. 920ஆம் ஆண்டளவிற் சிவகோட்டியாசாரியர் இயற்றிய 'வட்டாராதனெ' என்னும் கன்னட நூல், 'இட்டலிகெ' என்னும் உணவைக் குறிப்பிடுகின்றது. நூறாண்டு கழித்துச் சாவுண்டராயர் எழுதிய 'லோகோபகாரம்', உளுந்தை மோரில் ஊறவைத்து அரைக்கும் முறையை விளக்குகின்றது. அன்றைய பண்டத்தில் அரிசி இல்லை. அரிசி கூடி, மாவு புளித்து, இன்றைய வடிவு பெற்றது பின்னரே. பல கைகள் பட்டுப் பண்பட்டதே நாம் உண்ணும் இட்டலி. ஆவி பறக்கும் தட்டும் நெய் மணமும் வெள்ளிக் குவளையிற் காப்பியும் முன்னே இருக்கும்போது, உரிமை வழக்குத் தொடுக்க எவருக்கு மனம் வரும்?

இனிய உணவுக்குப் பின் கசப்பான சில உண்மைகளையும் நினைத்தல் வேண்டும். 1991ஆம் ஆண்டு திசம்பரில், காவிரி நீர்ப் பூசலை ஒட்டி எழுந்த கலவரத்தில் தமிழர் பலர் வீடிழந்து ஊரைவிட்டு ஓடினர். அவ்வாண்டு அல்சூர் ஏரிக்கரையருகே நிறுவிய திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகத்தில் திறக்கப்பெற்றது. அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. ஈஜிபுராவிலோ, நலிந்தோர்க்கெனக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பகுதி 2007இல் இடிந்து வீழ்ந்தது. 2013 சனவரியில் எஞ்சிய வீடுகளும் தகரக் கொட்டகைகளும் அகற்றப்பெற்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீதிக்கு வந்தன. அவருள் தமிழ் பேசுவோரும் பலர். நகரைக் கட்டியவர்க்கு நகரில் இடமில்லாத நிலை அது. வாசற்கால் இரண்டு கொடுத்தவரின் பெயரை எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல் காத்து வருகின்றது. வாசல்கள் பல்லாயிரம் அமைத்த கொத்தர்க்கும் சித்தாளுக்கும் ஒரு கல் இல்லை.

ஆதலின், நேயர்களே, கல் இல்லாத இடத்து நாமே நினைவாக நிற்றல் வேண்டும். மும்பையாயினும் தில்லியாயினும் கல்கத்தாவாயினும், வாழும் ஊரின் மொழியைக் கற்போம். அதன் பழமையை அறிவோம். நம் முன்னோர் அங்குச் செய்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நாம் இங்கு வந்தவர்கள் என்பது உண்மை. வந்தவர்கள் மட்டுமே என்பது உண்மையன்று. அடுத்த விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தொம்மலூர் மேட்டுக்குச் சென்று, அக்கல்லில் உள்ள எழுத்துகளைக் காட்டுங்கள். உடன் ஒரு கன்னட நண்பரின் குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த வாசல் இருவர்க்கும் உரியது.