மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி எந்த வாயிலில்? டிஜிட்டல் வரைபடங்கள் காட்டுவதும் காட்டாததும்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் மெட்ரோ ரயில் இல்லை. எனினும் கொழிஞ்சாம்பாறை, மறையூர், மூணாறு பகுதித் தமிழர்கள் உயர் சிகிச்சைக்காகக் கொச்சிக்குச் செல்வதுண்டு. பாலக்காட்டிலிருந்து ரயிலில் வருவோர் ஆலுவாவில் இறங்கி மெட்ரோவில் ஏறலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அங்கே எழும் முதல் கேள்வி, எந்த வாயிலில் படி இல்லை என்பதே.

2017 ஜூன் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கொச்சி மெட்ரோ உயர்மட்டப் பாதையில் ஓடுகிறது. சென்னையில் அதே ஆண்டு மே மாதம் சுரங்கப் பாதைச் சேவை தொடங்கியது. உயரமானாலும் சுரங்கமானாலும் சிக்கல் ஒன்றுதான். ஒரு நிலையத்துக்குப் பல வாயில்கள் இருக்கலாம். எல்லாவற்றிலும் மின்தூக்கி இருக்கும் என்ற உறுதியில்லை. வரைபடத்தில் நிலையம் ஒற்றைப் புள்ளியாக இருந்தால், பயணி சாலையின் மறுபுறப் படிக்கட்டின் முன் நிற்க நேரிடும். நடப்பவருக்கு இது சில நிமிட இழப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ நெடுஞ்சாலையைக் கடக்கும் ஆபத்து.

2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு வாயிலையும் தனிப் புள்ளியாகக் குறித்து, சக்கர நாற்காலி செல்லுமா என்பதற்கு 'ஆம்', 'ஓரளவு', 'இல்லை' ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்க்கின்றனர். பெர்லினின் சோசியல்ஹெல்டன் அமைப்பு 2010இல் தொடங்கிய வீல்மேப், இவற்றைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்டுகிறது. 7 சென்டிமீட்டருக்கு மிகாத ஒரே படி இருந்தால் மஞ்சள். தகவல் இல்லாத இடம் சாம்பல் நிறம். அதைச் சிவப்பு எனக் கொள்வதும் பச்சை என நம்புவதும் ஒருசேரத் தவறு.

போக்குவரத்து நிறுவனங்கள் கால அட்டவணை வெளியிடும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் 1 எனில் செல்லலாம், 2 எனில் இயலாது. வாயிலுக்குரிய கட்டம் காலியாக விடப்பட்டால் நிலையத்தின் மதிப்பே அதற்கும் பொருந்தும். ஆகவே ஒரே ஒரு மின்தூக்கியுள்ள நிலையத்தின் படிக்கட்டு வாயிலும் செல்லத்தக்கதாகத் தோன்றக்கூடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 41ஆவது பிரிவு ரயில் நிலையங்களில் அணுகல் வசதியைக் கோருகிறது. இத்தகைய தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும் என 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மின்தூக்கி பழுதான நாளிலும் வரைபடத்தின் பச்சைப் புள்ளி பச்சையாகவே இருக்கும். பெர்லினில் பழுதான மின்தூக்கிகளை அறிவிக்கத் தனி இணையதளமே உள்ளது. மற்ற நகரங்களில், புறப்படுமுன் நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டறிவதே பாதுகாப்பானது.