நிற்கும் கட்டடத்துக்கு ஒரு பாலிசி

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு கருங்கல் நிற்கிறது. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன்பு பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டங்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 229ஆவது சட்டம், ஒருவன் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்கிறது. 230 அதைவிடக் கொடூரம். வீட்டுக்காரனின் மகன் செத்தால், கட்டியவனின் மகனைக் கொல்லணும். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

காட்டுமிராண்டிக் காலம்னு சொல்லிட்டுக் கடந்துபோயிடலாம். ஆனால் அடுத்துவரும் 232, 233 ஆகிய இரண்டும் என்னை நிறுத்தின. பொருள் சேதமானால் ஈடு கொடுத்து, வீட்டையும் சொந்தச் செலவில் திரும்பக் கட்டித் தரணும். சுவர் உறுதியில்லாமல் ஆடினால், கட்டியவன் தன் காசில் அதைப் பலப்படுத்தணும். இன்றைக்கு ஒரு ஆர்க்கிடெக்ட் வாங்கும் பாலிசியின் விதை இங்கேதான் இருக்கிறது. தலைக்குப் பதிலாகக் காசு. ஆனால் அந்தக் காசு யாருடையது, எத்தனை வருடத்துக்கு?

புதிதாக ஆபீஸ் போடும் ஆர்க்கிடெக்ட் நண்பர்களிடம் இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டால், தீப்பிடித்தால், கம்ப்யூட்டர் திருடுபோனால் என்று ஆரம்பிக்கிறார்கள். அதுவும் வேணும்தான். ஆனால் அந்த ஆபீஸில் ஆபத்தான பொருள் கம்ப்யூட்டர் இல்லை, அதில் வரைந்து வெளியே அனுப்பிய வரைபடம். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, அதாவது புரொஃபஷனல் இண்டெம்னிட்டி, அந்த வரைபடத்துக்கானது.

'எத்தனை வருடம்' என்ற கேள்விக்கு 1804இல் பிரான்ஸின் சிவில் சட்டத் தொகுப்பு ஒரு பதில் சொன்னது. கட்டுமானக் குறையால், மண்ணின் குறையாலேகூட, கட்டடம் அழிந்தால் ஆர்க்கிடெக்டும் ஒப்பந்ததாரரும் பத்து வருடத்துக்குப் பொறுப்பு. தலை தப்பியது, சொத்து சிக்கியது. பத்து வருடத்துக்குள் ஆபீஸ் திவாலாகிவிட்டால் வீட்டுக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு மட்டும் அங்கே பதில் இல்லை.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான வருடம் 1978. இடம் நியூயார்க்.

சிட்டிகார்ப் வங்கியின் 59 மாடிக் கோபுரம் 1977இல்தான் முடிந்திருந்தது. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால், கோபுரத்தைத் தாங்கும் நான்கு பெரிய தூண்களை மூலைகளில் வைக்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்தார்கள். ஆர்க்கிடெக்ட் ஹியூ ஸ்டபின்ஸ். கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர்.

1978 கோடையில், ஒரு மாணவரின் கேள்வியைத் தொடர்ந்து லெமெஷூரியர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். அன்றைய நகர விதிகள் சுவருக்கு நேராக வீசும் காற்றை மட்டுமே கேட்டன. மூலையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றில் சில சட்டங்களின் மேல் சுமை 40 சதவீதம் கூடியது. அதற்குள் இன்னொரு செய்தியும் அவருக்குத் தெரிந்திருந்தது. வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளைச் செலவு குறையட்டும் என்று போல்ட் போட்டு முடித்திருந்தார்கள். உச்சியில் ஆட்டத்தைக் குறைக்க ஒரு பெரிய எடைக்கருவி உண்டு. மின்சாரம் போய் அது நின்றுவிட்டால், சராசரியாக 16 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்று அவர் கணக்கு சொன்னது.

பேசாமல் இருந்துவிடலாமா, உயிரையே விட்டுவிடலாமா என்றெல்லாம் யோசித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் ஆர்க்கிடெக்டின் வழக்கறிஞரையும் தன் காப்பீட்டு நிறுவனத்தையும் தேடிப் பேசினார். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், உலக வர்த்தக மையக் கோபுரங்களின் பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சனை ஆலோசகராகக் கூட்டிவந்தார்கள். அடுத்து வங்கியிடம் சொல்லப்பட்டது. இரவு இரவாக, 200க்கும் மேற்பட்ட இணைப்புகளின் மேல் இரண்டு அங்குல எஃகுத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார்கள். செப்டம்பரில் எல்லா என்ற புயல் நெருங்கி வந்து, கடலுக்கே திரும்பிப் போனது.

பழுதுபார்ப்புச் செலவு 40 லட்சம் டாலருக்கும் மேல். பொறியாளர் தரப்பிடம் 20 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்தது. ஸ்டபின்ஸின் நிறுவனத்திடம் எதுவும் கேட்கவில்லை. லெமெஷூரியரின் பிரீமியம் ஏறவில்லை, குறைந்தது! காப்பீட்டு வரலாற்றின் மிகப் பெரிய இழப்புகளில் ஒன்றாகியிருக்கக்கூடியதை அவர் தடுத்திருந்தார்.

இதை நல்லவர் ஒருவரின் கதையாக மட்டும் படிக்க எனக்கு விருப்பமில்லை. அக்கம்பக்கத்து மக்களுக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நியூயார்க் பத்திரிகைகள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததும் வசதியாகப் போச்சு. 1995இல் நியூயார்க்கர் இதழ் எழுதிய பிறகே ஊருக்கு முழுக்கதை தெரிந்தது. காப்பீடு ஒரு மனிதனை வாய்திறக்க வைக்க உதவும். யாரிடம் திறப்பது என்பதை அவன் மனசாட்சிதான் சொல்லணும்.

அதே 1978 ஜனவரியில் பிரான்ஸ் தன் பழைய கேள்விக்குப் பதில் எழுதியது. ஸ்பினெட்டா சட்டம் என்று அதற்குப் பெயர். பத்து வருடப் பொறுப்புக்குக் காப்பீடு கட்டாயமானது. கட்டிக்கொள்பவரும் தனியாக ஒரு பாலிசி எடுக்கணும். குறை வந்தால் முதலில் பணம், பழுதுபார்ப்பு. யார் தவறு என்ற சண்டையைக் காப்பீட்டு நிறுவனங்கள் பிறகு தங்களுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வரலாற்றிலிருந்து பாலிசியைப் பார்த்தால், பிரீமியத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை தெரியும். இவ்வகைப் பாலிசிகள் பெரும்பாலும், வரைந்த வருடத்தைப் பார்ப்பதில்லை, புகார் வந்த வருடத்தைத்தான் பார்க்கும். 2015இல் வரைந்த வீட்டுக்கு 2025இல் நோட்டீஸ் வந்தால், 2025இல் பாலிசி உயிரோடு இருக்கணும். எந்தத் தேதிக்குப் பிந்தைய வேலைகளை ஏற்பார்கள் என்றும் பார்க்கணும். கம்பெனி மாறும்போது அந்தத் தேதி முன்னால் நகர்ந்தால், பழைய கட்டடங்களெல்லாம் அநாதை. ஆபீஸை மூடிய பிறகும் சில வருடம் பாதுகாப்பு தொடருமா? வக்கீல் செலவு காப்புத்தொகைக்குள்ளேயே கழிந்துவிடுமா?

விலக்குப் பட்டியலையும் பொறுமையாகப் படிக்கணும். லண்டனில் 2017இல் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன்பிறகு பிரிட்டனின் பல பாலிசிகளில் வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகளும் தீப் பாதுகாப்பும் விலக்குகளாக நுழைந்தன. எது அதிகம் பயமுறுத்துகிறதோ, அதுதான் முதலில் வெளியேறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, 'ஏதோ சரியில்லை' என்று தோன்றும்போதே, புகார் வருமுன், தகவல் கொடுக்க வழி இருக்கிறதா என்பது. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசிகள் சொல்லும். ஆனால் அவர்களிடமே தாமதமாகச் சொன்னாலும் பணம் மறுக்கப்படலாம். லெமெஷூரியர் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் நடந்தார்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட் சட்டம் இப்படியொரு காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் சரிசெய்ய வேண்டியவர் விற்ற புரமோட்டர். ஆர்க்கிடெக்டின் பெயர் அங்கே இல்லை. ஆனால் புரமோட்டர் அடுத்து திரும்பிப் பார்ப்பது வரைபடத்தில் இருக்கும் கையெழுத்தைத்தான்.

எந்தப் பாலிசியும் சரிந்த சுவருக்கடியில் போனவரைத் திருப்பித் தராது. ஆனால் சுவர் ஆடும்போதே சொல்ல ஒருவருக்குத் தைரியம் தரலாம். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.